கிளாவரையில் கடல்குதிரை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஊர் ஊராக நின்று போகும் பேருந்து கிளாவரையில் திரும்பிவிடும். அதற்கு மேல் பேருந்துக்குப் பாதை கிடையாது. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கு நிலங்கள், அதைத் தாண்டினால் காடு, காட்டைத் தாண்டினால் கேரளம். கடலுக்குச் சற்றும் ஒட்டாத ஊர் ஒன்றைத் தேடியதில்தான் இது அகப்பட்டது. ராமநாதபுரத்துக் கடற்கரையோரம், முழங்காலளவு தண்ணீரில்கூட வாழக்கூடிய ஒரு கடல்குதிரையை ஆறாயிரம் அடி உயரத்தில், ஒரு வீட்டின் முன்னறையில் வளர்க்க வேண்டுமென்றால் என்னென்ன தேவைப்படும்? மீன்தொட்டிக் கடையில் கேட்டால் கண்ணாடி, மோட்டார், விளக்கு என்று ஒரு பட்டியல் தருவார்கள். கடல்குதிரையின் உடம்பு கேட்கும் பட்டியல் வேறு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொட்டியைக் காகிதத்தில் மட்டுமே கட்டலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கடல்குதிரையும் அதன் உறவினமான குழல்மீன்களும் சேர்க்கப்பட்டன. அன்றுமுதல் இந்தியாவில் அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அதற்கு முன்பு பாக் நீரிணைக் கரையில், குறிப்பாகத் தொண்டிப் பக்கம், சங்கு குளிப்பவர்களும் கடலட்டை எடுப்பவர்களும் கூடவே கடல்குதிரையையும் எடுத்து வந்தார்கள். வெயிலில் காய்ந்த சரக்கு கிழக்காசிய நாட்டு மருந்துக்கடைகளுக்குப் போனது. உலக அளவில் இந்த வணிகத்துக்குக் கடிவாளம் விழுந்தது 2004 மே மாதம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கை எல்லாக் கடல்குதிரை இனங்களுக்கும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. வேறு சில நாடுகளில் பண்ணையில் பிறந்த குட்டிகளை வாங்கி வீட்டில் வளர்க்கிறார்கள். நம் ஊரில் வழியில்லை. இருக்கவும் வேண்டாம் என்பது என் எண்ணம். ஏனென்று கணக்கைப் போட்டுப் பார்த்தாலே விளங்கும்.

உப்பிலிருந்து தொடங்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ. சமையல் உப்பைக் கொட்டினால் ஆகாது. கடலுப்பில் சோடியம் குளோரைடு பெரும்பங்கு என்றாலும் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்தால்தான் அது கடல். மலைப்பாறையில் வழிந்து வரும் ஓடைநீரில் இந்தத் தாதுக்கள் சொற்பமாகவே இருக்கும். எல்லாம் சேர்ந்த கலவையை மூட்டையாக மேலே கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் ஓயாது. தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புநீரை ஊற்றி நிரப்புகிறவரின் தொட்டி சில வாரங்களில் உப்பளமாகிவிடும்.

இத்தனை சிரமம் எதற்கு, மண்டபம் கடற்கரையிலிருந்தே கடல்நீரைக் கேனில் பிடித்து வந்தால் என்ன? இங்கேதான் மலை தன் வேலையைக் காட்டுகிறது. கிளாவரை உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரம் பிடிப்பது அதனால்தான். தண்ணீர் நூறு டிகிரியை எட்டுமுன், 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் நீரில் கரைந்திருக்கும் காற்றின் அளவும் குறைந்தாக வேண்டும். கடற்கரையில் அடைத்த தண்ணீரை மலையில் திறந்தால், அந்த உயரத்துக்குத் தாங்கும் அளவைவிட அதில் கால்பங்கு அதிகக் காற்று இருக்கும். மூடி திறந்த சோடா போல அது வெளியேறத் துடிக்கும். ஓடைநீரை எடுத்துச் சூடாக்கினாலும் இதே கதைதான். குளிர்ந்த நீரில் அதிகமாகக் கரைந்திருந்த காற்று, சூடு ஏறியதும் இடமில்லாமல் தவிக்கும்.

மற்ற மீன்களுக்கும் இது கேடுதான். கடல்குதிரைக்குக் கூடுதல் கேடு. தொட்டியில் வளரும் கடல்குதிரைகளைத் தாக்கும் நோய்களில் பேர்பெற்றது வாயுக்குமிழி நோய். வால் தோலுக்கடியில், மூக்கில் கொப்புளம் கொப்புளமாக வாயு சேரும். ஆணின் அடைகாக்கும் பையில் சேர்ந்தால் அது கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதந்து கிடக்கும். நீரில் அளவுக்கு மீறிக் கரைந்த காற்று இதற்கொரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே கிளாவரைத் தொட்டியின் தண்ணீரை முதலில் சூடாக்கி, நன்றாகக் கலக்கி, அதிகப்படியான காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கடல்குதிரையை விட வேண்டும்.

காற்று கூடினால் ஒரு தொல்லை, குறைந்தால் இன்னொன்று. கிளாவரை ஓடையில் 15 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் எட்டு மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதே நீரில் கடலளவு உப்பைக் கரைத்து 26 டிகிரிக்குச் சூடாக்கினால் ஐந்து மில்லிகிராமுக்குச் சற்று மேலேதான் நிற்கும். சூடும் உப்பும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மலையின் உயரம் எடுத்துக்கொண்டது தனி. மூச்சு விடுவதில் கடல்குதிரை அப்படியொன்றும் கெட்டிக்கார மீன் அல்ல. அதன் செவுள்கள் மற்ற மீன்களைப்போல வரிசையான இழைகளாக இல்லாமல் சிறு சிறு கொத்துகளாக இருக்கின்றன. நீர் வெளியேறும் வழியும் ஒரு சின்னத் துளைதான்.

நீரின் மேற்பரப்பைக் கலக்கிவிட்டால் ஆக்சிஜன் ஏறுமே என்றால், ஏறும். ஆனால் கடல்குதிரைக்குச் சாப்பாடு கிடைப்பது நீர் அமைதியாக இருக்கும் இடத்தில்.

இதை விளக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த விலங்கிடம் உள்ள பெரிய வியப்பே இதுதான். மீன்களிலேயே மிக மெதுவாக நீந்துபவற்றில் ஒன்று இது. வால்துடுப்பு கிடையாது, முதுகில் ஒரு சின்னத் துடுப்பை விசிறி, நின்றவாக்கில் நகரும். அது தின்பதோ கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளை. நீரில் சிறு அசைவு தெரிந்தாலும் கண்ணிமைக்கும் முன் துள்ளித் தப்பிவிடும் உயிர்கள் அவை. அமெரிக்கக் கரையோரக் குள்ளக் கடல்குதிரையை வைத்துச் செய்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு புதிரை அவிழ்த்தது. கடல்குதிரையின் தலை வடிவம், மூக்கு நுனிக்கு எதிரே உள்ள நீர் கலங்காதபடி அமைந்திருக்கிறது. மெல்ல நெருங்கி, இரை உணராத தூரத்துக்கு வந்து, தலையை ஒரே சொடுக்கில் நிமிர்த்தி உறிஞ்சிவிடுகிறது. தசைநாரில் முன்கூட்டியே சேர்த்துவைத்த விசை சில மில்லிவிநாடிகளில் அவிழ்கிறது. அமைதியான நீரில் பத்துக்கு ஒன்பது முயற்சி பலித்தது. நீரோட்டம் பலமாக இருக்கும் தொட்டியில் இந்த வித்தை எடுபடாது. ஆக்சிஜனுக்காகக் கலக்கவும் வேண்டும், இரைக்காக அமைதியும் வேண்டும். ஒரு மூலையில் தண்ணீரைப் புரட்டி, மறுமூலையைத் தடுப்பு வைத்துச் சாந்தமாக வைப்பதுதான் வழி.

சாந்தமான மூலையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கடலில் அதற்குக் கடல் தாழை இருக்கிறது. கடல்குதிரை வாலின் எலும்புத் தகடுகள் வட்டமாக இல்லை, சதுரம். 2015இல் ஆய்வாளர்கள் சதுர வால், உருண்டை வால் இரண்டையும் முப்பரிமாண அச்சில் செய்து நசுக்கியும் முறுக்கியும் பார்த்தார்கள். சதுரம் நசுங்காமல் தாங்கியது. முறுக்கினால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. பற்றுவதற்குத் தட்டையான பரப்பும் கிடைத்தது. இவ்வளவு நேர்த்தியான வால் இருந்தும், பிடிக்க ஒன்றும் கிடைக்காத கடல்குதிரைகள் தொட்டிக்குள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு அலையும்.

சூட்டுக்கு மின்சாரம். 200 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 26க்கு ஏற்றவே இரண்டரை யூனிட் ஆகும். அதன் பிறகு மலைக்குளிரில் இரவெல்லாம் ஆறாமல் காக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் தொட்டி அன்றிரவே ஓடையின் குளிருக்கு இறங்கத் தொடங்கும். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களை வளர்க்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் தொட்டியை மீனில்லாமல் ஓட்ட வேண்டும் என்பது எல்லாக் கடல்மீன் தொட்டிக்கும் பொதுவானது, அதை விட்டுவிடுகிறேன்.

சாப்பாட்டை விட முடியாது. கடல்குதிரைக்குப் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. 2016இல் ஒரு கடல்குதிரை இனத்தின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, பல்லின் எனாமலுக்குத் தேவையான மரபணுக்களே அதில் தொலைந்துபோயிருந்தன. விழுங்கிய இரை குடல் வழியே விரைவாக ஓடிவிடுகிறது; சேமித்து வைக்க இடமில்லை. எனவே பகல் முழுக்கத் தின்றபடி இருக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் உயிருள்ள இரையை. மலைக்கு ஏற்றுவதற்குச் சுலபமான ஒரே பொருள் இந்தப் பட்டியலில்தான் வருகிறது: ஆர்ட்டீமியா முட்டை. தூத்துக்குடி உப்பளங்களில்கூட வாழும் இந்தச் சிற்றிறாலின் முட்டை காய்ந்த தூளாக ஆண்டுக்கணக்கில் உறங்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்து நீந்தும். சத்து குறைவு என்பதால் அதற்கு நுண்பாசி ஊட்டி வளர்த்துக் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் அமைந்து, ஒரு சோடி மனமொத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் நிறம் மாறி, வால் கோத்து, நீரில் செங்குத்தாக மேலெழும். அதற்காகத்தான் தொட்டியின் உயரம் கடல்குதிரையின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். பெண் முட்டைகளை ஆணின் பைக்குள் இட்டுவிட்டுப் போய்விடும். நாம் மோட்டாரும் உப்புமானியும் வைத்துக்கொண்டு படும் பாட்டையெல்லாம் அந்தப் பை தனியாகவே பார்த்துக்கொள்கிறது. பையின் உட்சுவரில் இரத்தக்குழாய்கள் அடர்ந்து கருக்களுக்கு ஆக்சிஜன் தருகின்றன, கழிவை எடுக்கின்றன, எலும்புக்குக் கால்சியமும் போய்ச்சேர்கிறது. முதலில் பைக்குள் இருக்கும் நீர் தகப்பனின் உடல்நீரை ஒத்த உப்பில் இருக்கும். நாள் ஆக ஆகக் கடலின் உப்புக்கு ஏறும். இரண்டு முதல் நான்கு வாரத்தில், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டிகள் நூற்றுக்கணக்கில் வெளியே வரும்.

வந்த நிமிடத்திலிருந்து அவற்றுக்குப் பசி. புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியாவை விழுங்கினாலும் பல குட்டிகளின் குடலில் அது செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. கோபிபாட் குஞ்சுகள்தான் ஒத்துக்கொள்ளும். அவை காய்ந்த முட்டையாகப் பொட்டலத்தில் வருவதில்லை. வளர்க்க ஒரு தொட்டி வேண்டும். கோபிபாட் தின்ன நுண்பாசி வேண்டும், அதற்கொரு தொட்டி. பெரியவற்றின் தொட்டியிலிருந்து பிரித்து வைக்கக் குட்டிகளுக்கு ஒன்று. மூன்றுக்கும் உப்பு வேண்டும், இரவில் ஆறாத சூடு வேண்டும், பாசிக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம். முதல் தொட்டிக்குப் போட்ட கணக்கை இன்னும் மூன்று முறை போட வேண்டும், குட்டிகள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே.