இளவேனில் வீட்டுத் தோட்டம்: இன்பமும் இடரும்

சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என்பது நம் மரபு. குளிர் நாடுகளில் பனி உருகியபின் விதைக்கத் தொடங்கும் காலம் அது. நம் நாட்டிலோ, தையிலும் மாசியிலும் விதைத்ததன் பலனைக் கையில் வாங்கும் காலம். வெயிலோடு போராடும் காலமும் அதுவே. ஆகவே இப்பருவத்து வீட்டுத் தோட்டத்தில் மகிழ்ச்சியும் மனச்சோர்வும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் உரிய காரணங்களை அறிந்தால், முன்னதைப் பெருக்கவும் பின்னதைக் குறைக்கவும் கூடும்.

கோடையில் கிணறுகள் வற்றக் காய்கறியின் விலை ஏறுகிறது. கூலி குறைந்த வாரத்தில் நெசவாளர் வீட்டில் முதலில் சுருங்குவது காய்கறிச் செலவுதான். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவு கொள்ளும் ஒருவருக்கு நாள்தோறும் 400 கிராம் காய்கறி வேண்டும் என்று குறித்துள்ளது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு இது 1,600 கிராம் ஆகிறது. இதனை முழுவதும் சந்தையில் வாங்குவது எளிதன்று. கொல்லையில் விளையும் ஒரு கைப்பிடிக் கீரையும் பத்து வெண்டைக்காயும் இக்குறையில் ஒரு பங்கையேனும் தீர்க்கும்.

நீரே அளவுகோல்

தோட்டம் போடுவோர் பெரும்பாலும் நிலத்தின் அளவைப் பார்த்தே விதைக்கின்றனர். இளவேனிலில் பார்க்க வேண்டியது நீரின் அளவு. கடும் வெயிலில், பயிர் மூடிய ஒரு சதுர மீட்டர் நிலத்திற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 லிட்டர் நீர் வேண்டும். ஒரு சென்ட் நிலம் சற்றேறக்குறைய 40 சதுர மீட்டர். அது முழுவதும் பயிரிட்டால் நாள்தோறும் 200 லிட்டருக்கு மேல் இறைக்க வேண்டும். 50 லிட்டரே கிடைக்கும் வீட்டில் ஒரு சென்ட் முழுவதும் விதைப்பது, சித்திரையில் எல்லாச் செடியையும் வாடவிடுவதற்கே வழியாகும். அவ்வீட்டார் கால் சென்டுக்கும் குறைவாகப் பயிரிடினும் பலன் பெறுவர்.

பாத்தியை உலர்ந்த சருகு, கரும்புத் தோகை, தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றால் மூடினால் ஈரம் விரைவில் ஆவியாகாது. அரிசி கழுவிய நீரையும் காய் கழுவிய நீரையும் வீணாக்காது பாத்திக்கு விடலாம். நண்பகலில் ஊற்றும் நீரில் ஒரு பகுதி வெயிலிலேயே போய்விடும். காலையும் மாலையும் ஊற்றுவதே சிக்கனம்.

நெசவாளர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. சாயம் தோய்த்த நீரையும் சலவைக் காரம் கலந்த நீரையும் தோட்டத்தில் விடவே கூடாது. அவற்றிலுள்ள உப்பு மண்ணில் தங்கி அதனை இறுகச் செய்யும். வேர் நீரை உறிஞ்சாவண்ணம் தடுக்கும். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அப்பகுதி உழவரின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததைப் பலரும் அறிவர். 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது இதன் விளைவே. பேரளவில் அங்கு நேர்ந்தது, சிற்றளவில் நம் கொல்லையிலும் நேரும். பாவுக்குப் போட்டு எஞ்சிய அரிசிக் கஞ்சியை எருக்குழியில் ஊற்றலாம். அதில் மயில்துத்தம் முதலிய பொருள் கலந்திருப்பின் அதுவும் ஆகாது.

பூ உண்டு, காய் இல்லை

பந்தல் நிறையப் பூத்தும் ஒரு காயும் பிடிக்கவில்லை என்பது இப்பருவத்தில் எங்கும் கேட்கும் முறையீடு. சிலர் கண்ணேறு என்பர். சிலர் விதை பொய்த்தது என்று கொடியையே அறுத்துவிடுவர். உண்மை வேறு. பூசணி, பாகல், பீர்க்கு, புடல் ஆகிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. முதலில் தோன்றுவன ஆண் பூக்களே. அவை உதிர்வது இயல்பு. பூவின் அடியில் பிஞ்சுபோன்ற சிறு உருவம் இருப்பின் அது பெண் பூ. வெப்பம் மிகும்போது ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறையும். ஆகவே பொறுத்திருத்தலே முதல் மருந்து.

பெண் பூவும் உதிர்ந்தால், மகரந்தம் சேரவில்லை என்று கொள்ளலாம். அப்போது ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவ வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் இதனை விடியற்காலையிலும், மாலையில் மலரும் பீர்க்கிற்கு மாலையிலும் செய்க. சிறுவர்கள் இவ்வேலையை விரும்பிச் செய்வர். தாங்கள் தொட்ட பூ காயாவதைக் காணும் அவர்களது களிப்பே தோட்டத்தின் முதல் அறுவடை எனலாம்.

தக்காளியின் கதை வேறு. இரவிலும் வெப்பம் தணியாத நாட்களில் அதன் பூ காயாகாமல் உதிரும். மே மாதத்துக் கத்திரி வெயிலில் தக்காளி காய்க்கவில்லையெனில் அது பயிரிட்டவர் குற்றமன்று. அவ்விடத்தில் வெப்பத்தைத் தாங்கும் கொத்தவரையும் வெண்டையும் இருப்பதே பொருந்தும்.

பூச்சியும் நோயும்

வெண்டை இலையில் நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தோன்றுவது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ இதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. முதற் செடியில் கண்டவுடனே பிடுங்கிப் புதைத்தால் எஞ்சியவை பிழைக்கும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் பாத்தி முழுதும் பரவும்.

கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அத்தண்டைச் சிறிது கீழே கிள்ளி அழிக்க வேண்டும். இல்லையேல் அடுத்து காயைத் துளைக்கும். சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பாகலையும் பீர்க்கையும் பழ ஈ தாக்கும். பிஞ்சு பிடித்தவுடன் மெல்லிய துணியால் உறைபோலக் கட்டினால் ஈ முட்டையிட இயலாது. தறியில் எஞ்சும் துண்டுத் துணி இதற்கு உதவும். கழிவு நூலை முறுக்கிக் கொடி கட்டவும் பயன்படுத்தலாம். அழுகி விழுந்த காய்களைத் தரையில் விடாது ஆழப் புதைத்தல் அவசியம்.

மிகுதியும் ஓர் இடரே

ஒரே நாளில் விதைத்த வெண்டை ஒரே காலத்தில் காய்க்கும். அண்டை வீட்டிலும் அதே நிலைமை. கொடுப்பாரும் அவரே, கொள்வாரும் அவரே. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதைப்பதே இதற்கு வழி. முளைக்கீரை 25 நாட்களில் பறிப்புக்கு வரும். வெண்டை ஏறக்குறைய 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். இதைக் கணக்கிட்டு விதைத்தால் நாள்தோறும் சிறிதளவேனும் அடுப்புக்கு வரும். அப்படியும் மிஞ்சினால், பயிரை வாட்டும் அதே சித்திரை வெயில் உதவிக்கு வருகிறது. கத்தரி, கொத்தவரை, பாகல் ஆகியவற்றை வற்றலாக்கினால் மழைக்காலத்திற்கு ஆகும்.

பகிர்தலின் பயன்

விதையைப் பகிர்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். நல்ல செடியில் முற்றவிட்ட காயிலிருந்து எடுத்து, நன்கு உலர்த்திய நாட்டு விதையே பகிர்வதற்கு ஏற்றது. வீரிய ஒட்டு இரகங்களின் விதை அடுத்த தலைமுறையில் தாய்போல் வாராது. அதனை நம்பிப் பிறருக்கு அளித்தல் நன்றன்று.

விதையோடு பகிர வேண்டியது வேறொன்றும் உண்டு. விளைந்ததை நால்வருக்குக் காட்டுகிறோம், பட்டுப்போனதை மறைத்துவிடுகிறோம். எந்த வாரத்தில் விதைத்தது, எத்தனை குடம் நீர் விட்டது, எந்நாளில் இலை மஞ்சளாயிற்று என்பதை ஒருவர் சொன்னால், அதே தெருவில் பத்துப் பேர் அவ்விழப்பினின்று தப்புவர். தனியொருவர் கொல்லையில் நட்டமாக முடிந்தது, சங்கத்தார் கூடிப் பேசும் இடத்தில் அனைவர்க்கும் முதலாகிறது. கூட்டுறவு என்பது பணத்திற்கும் நூலுக்கும் மட்டும் உரியதன்று. கோடையில் தளர்ந்த கத்தரிச் செடியைக் கவாத்துச் செய்து எருவிட்டால், மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கிறது. அதுபோல, இந்த இளவேனிலில் கண்ட பயனையும் இடரையும் ஒளிக்காமல் எடுத்துரைத்து, வரும் ஆடிப்பட்டத்திற்கு நாம் அனைவரும் கூடி ஆயத்தமாவோமாக.