மூணாப்புதானே என்று விட்டுவிடாதீர்கள்

வீடும் வகுப்பறையும் – 9

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் நாளன்று குடும்பமே பள்ளிக்கூட வாசலில் நிற்கும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் விசாரிப்பார்கள். மூன்றாம் வகுப்பை யாரும் விசாரிப்பதில்லை. “மூணாப்புதானே, இப்ப என்ன?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பன்னிரண்டு வருடப் படிப்பில் பெற்றோர் கூடுதலாகக் கண் வைக்க வேண்டிய ஒரே ஒரு வருடத்தைச் சொல் என்றால், நான் தயங்காமல் இந்த மூணாப்பைத்தான் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளில் எழுத்தைக் கற்பதுதான் பாடம். மூன்றாம் வகுப்பில் அது முடிந்துவிட்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இரண்டாம் வகுப்பு வரை சூழ்நிலையியல் என்று ஒரே பாடமாக இருந்தது, மூன்றில் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிகிறது. சிபிஎஸ்இ பள்ளிகளில் சுற்றுச்சூழல் தனிப்பாடமாகத் தொடங்குவதே மூன்றாம் வகுப்பில்தான். கணக்குப் புத்தகத்திலும் வெறும் எண்கள் குறைந்து, “ஒரு கூடையில் 125 மாம்பழங்கள் இருந்தன” என்று வாக்கியங்கள் வந்துவிடுகின்றன. வாசிக்கத் திணறும் பிள்ளை இதுவரை தமிழில் மட்டும் திணறியது. இனி எல்லாப் பாடத்திலும் திணறும். “கணக்கு வரல”, “சயின்ஸ் பிடிக்கல” என்று அது சொல்வதற்குப் பின்னால் பல நேரம் வாசிப்புதான் ஒளிந்திருக்கிறது.

கிராமப்புற வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் ‘அசர்’ ஆய்வு, மூன்றாம் வகுப்பைத் தனியாகக் கவனிப்பதும் இதனால்தான். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நாடு முழுவதும் 27.3 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 20.5 ஆக விழுந்தது, 2024இல் 27.1க்குத் திரும்பியது. பழைய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் அந்தப் பழைய இடமே நான்கில் மூன்று பிள்ளைகள் வகுப்புக்குப் பின்தங்கி நிற்கும் இடம். அமெரிக்காவில் டொனால்ட் ஹெர்னாண்டஸ் என்ற சமூகவியலாளர் சுமார் 4,000 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசிக்காத பிள்ளைகள் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போவது, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைவிட நான்கு மடங்கு அதிகம் என்றது அது. நாடு வேறு, மொழி வேறு. ஆனாலும் எட்டு வயதில் கண்டுகொள்ளாமல் விடுவது பதினைந்து வயதில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யோசிக்க வைக்கும் ஆய்வு.

உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பதை மதிப்பெண் அட்டை சொல்லாது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஒரு வருடம் அதே பெஞ்சில் உட்காரவைத்தால் வெட்கம்தான் வரும், வாசிப்பு வராது. ஆனால் ‘தேர்ச்சி’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதும் போதாது. எட்டு வயதின் நினைவாற்றல் அபாரமானது. வகுப்பில் நான்கு முறை கோரஸாகச் சொன்ன பாடத்தைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அதனால் அவள் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். சிறுவர் கதை, பலசரக்குக் கடை நோட்டீஸ், பேருந்துப் பலகை, எதுவானாலும் சரி. வாசித்து முடித்ததும், “என்ன சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். அவள் தன் சொந்தப் பேச்சில் சொல்லிவிட்டால் கவலை இல்லை. ஜூன், ஜூலையிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. முதல் பருவம் முடியும் செப்டம்பர் வரை காத்திருந்தால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

தமிழ் வாசிப்பில் எங்கே தடுக்கும் என்பதும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 247 எழுத்துகளையும் சுவரில் ஒட்டிய அட்டையில் காட்டிவிடுகிற பிள்ளை, வாக்கியத்துக்குள் வந்ததும் நின்றுவிடும். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ககரம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு ஒலி கிடைக்கும். பிள்ளை ‘கெ’ என்று தொடங்கிவிட்டுக் காலைப் பார்த்ததும் தடுமாறும். ‘கௌ’ என்பதன் பின்பகுதியும் ‘ள’ என்ற எழுத்தும் அச்சில் ஒன்றுபோலவே இருப்பதால் அங்கே இன்னொரு குழப்பம். இவை சின்னத் தடைகள்தான், பழகப் பழகப் போய்விடும்.

பெரிய தடை சொல்லின் நீளம். ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரே சொல்லில் 14 எழுத்துகள் இருக்கின்றன. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளை ‘ர்கள்’ வருவதற்குள் ‘படி’யை மறந்துவிடும். கஷ்டப்பட்டு முடித்தாலும், அவள் வீட்டில் கேட்ட சொல் அதில் கிடைக்காது. வீட்டில் நாம் சொல்வது ‘படிச்சிட்டிருந்தாங்க’. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது அவளுக்குக் காட்டியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு, அதே அளவுகோலைத் தமிழுக்கு வைத்துப் பிள்ளையைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் வருவது நம்மிடம் ஒரே சொல்லுக்குள் அடைந்து கிடக்கிறது. அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

மருந்து கசப்பானது அல்ல. பிள்ளைக்கு எழுத்து நடையைக் காதால் கேட்கும் பழக்கம் வேண்டும். இரவில் பத்து நிமிடம், புத்தகத்தில் உள்ளபடியே, ‘வந்தார்கள்’, ‘சென்றான்’ என்றே நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். “வாசிக்கத்தான் தெரிஞ்சிடுச்சே, இனி அவனே படிச்சுக்கட்டும்” என்று பல வீடுகளில் கதை வாசிப்பதை நிறுத்துவதும் இந்த வயதில்தான். நிறுத்தவே கூடாத வயது இது. புத்தகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. கிளை நூலகங்கள் இருக்கின்றன. சென்னைக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023 ஜூலையில் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதிகள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள்.

தனியார் ஆங்கிலவழிப் பள்ளி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி அங்கேயும் தமிழ் உண்டு என்றாலும், பல பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இரண்டு மொழியிலும் அரைகுறையாக நிற்கிறார்கள். ஆங்கிலப் பத்தியை வேகமாக வாசிப்பதைக் கேட்டுப் பூரித்துவிடாதீர்கள். அதையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பொருள் புரியாத வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

கணக்குக்கு வருவோம். இந்த வருடத்தின் முக்கியமான திருப்பம் கடன் வாங்கிக் கழித்தல். 402இல் 178ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 376 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவு என்று நினைத்துத் தலையில் குட்டுகிறோம். விடையை உற்றுப் பாருங்கள்: எட்டில் இரண்டு போனால் ஆறு, ஏழில் பூஜ்யம் போனால் ஏழு, நாலில் ஒன்று போனால் மூன்று. எந்த வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். அவளுக்கென்று ஒரு விதி இருக்கிறது, அந்த விதிதான் தப்பு. நான்கு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, “178 ரூபா எடுத்துக் குடு” என்று கேளுங்கள். முடியாது. ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்ற வேண்டும், அதில் ஒரு பத்தைச் சில்லறையாக மாற்ற வேண்டும். இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. இதிலிருந்து எடுத்தால் மிச்சம் 224. நடுவிலிருந்த பூஜ்யம் எப்படி ஒன்பதானது என்பது கைக்குப் புரிந்துவிட்டால் பேனாவுக்கும் புரியும்.

வாய்ப்பாடு மனப்பாடம் ஆக வேண்டியதுதான். பழைய திண்ணைப் பள்ளிகள் எண்சுவடியை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது வீண் வேலை அல்ல. ஆனால் பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல் என்று பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். ஆறேழும் ஏழாறும் ஒரே நாற்பத்திரண்டுதான் என்று தெரிந்துவிட்டால் மனதில் நிற்க வேண்டியது 55 மட்டும். அதிலும் ஒன்றும் ஐந்தும் பத்தும் தானாகவே வரும்.

வீட்டுப்பாடத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்கிறது. நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. பையின் எடை 1.7 முதல் 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனையோ பள்ளிகளில் பிள்ளைகள் ஒரே மாலையில் இரண்டு மணி நேரம் எழுதுகிறார்கள், அதற்கு மேல் டியூஷனுக்கும் போகிறார்கள். ஒரு கேள்வி பதிலை ஐந்து தரம் எழுதவைப்பதால் கை வலிக்கும், வேறொன்றும் நடக்காது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

மனசும் இந்த வயதில் மாறுகிறது. “மிஸ் என்னைப் பாராட்டினாங்க” என்று ஓடிவந்தவன், “யாரும் என்னை விளையாட்டுல சேர்த்துக்கல” என்று சொல்ல ஆரம்பிப்பான். மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போதுதான் தீவிரமாகிறது. யாருடைய டிபன் பாக்ஸில் என்ன, யார் எந்த வண்டியில் வருகிறார்கள், யார் எந்தத் தெரு என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். “அந்தப் பிள்ளைகூடச் சேராதே” என்ற ஒரு வாக்கியம் எட்டு வயதில் ஆழமாக இறங்கிவிடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அக்காவோடு, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசுவதையும் இந்த வருடம் அறவே விட்டுவிடுங்கள். அந்த வேலையை அவனே தனக்குள் செய்துகொண்டிருக்கிறான்.

எல்லாம் செய்தும் வாசிப்பு வரவில்லை என்றால்? முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவளுக்குக் கண்ணாடி தேவைப்படலாம். கூப்பிட்டால் திரும்பாதவனுக்குக் காதில் சளி கோத்திருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்தும், வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிற பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இதை ஒரு குறைபாடாக ஏற்றிருக்கிறது. அதன்கீழ் 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டு நெறிமுறை, அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முதலில் வருகிறதோ அப்போது, ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்றது. அதற்காகப் பள்ளியில் தலைமையாசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது. சான்றிதழ் எட்டு வயது முடிந்த பிறகே தருவார்கள், பின்னாளில் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு அது உதவும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. “சோம்பேறி”, “மக்கு” என்ற பட்டங்களைச் சுமந்தே வளர்ந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இந்தப் பரிசோதனை நடந்ததா என்று எழுதிக் கேளுங்கள், பள்ளியை எழுத்தில் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

ஆசிரியரைப் பார்க்கும்போது “எத்தனாவது ரேங்க்?” என்று கேட்பதால் பயனில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 ஜூன் 13இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அவர்கள் வாசிக்கும் திறனை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். ஆசிரியருக்கு அது தெரியும், பல வீடுகளுக்குத் தெரியாது. “டீச்சர், இவ எந்த நிலையில இருக்கா? எந்த எழுத்துல தடுக்குது? நாங்க வீட்டுல என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளி என்றால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கேள்வியைக் கோபமில்லாமல் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், பள்ளிக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

“எங்களுக்கே படிக்கத் தெரியாதே, நாங்க என்ன செய்ய?” என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களால் நிறையச் செய்ய முடியும். அடுப்படியில் வேலை நடக்கும்போதே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும், “அப்புறம் அந்த நரி என்னடி பண்ணுச்சு?” என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் விழித்தால், “திரும்பப் படிச்சுப் பாத்துச் சொல்லு” என்று சொல்லுங்கள். அவளாகவே அந்தப் பத்திக்குத் திரும்பிப் போவாள், இந்த முறை பொருளைத் தேடி வாசிப்பாள். தினமும் பத்து நிமிடம் இப்படிக் கேளுங்கள். ஊரிலிருந்து மாமா கடிதம் போட்டால், ரேஷன் கடையில் அறிவிப்பு ஒட்டினால், மருந்துச் சீட்டில் நேரம் எழுதியிருந்தால், அதையெல்லாம் அவளையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

(தொடரும்)