மதகிலே அளப்போம், கரண்டை!



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தெரியாததை வெட்கப்படாமல் கேட்டுவிடுவேன். பயிற்சிக்குப் போன ஒரு ஆலையில் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

அங்கே தொட்டியின் நீர்மட்டத்தை டிரான்ஸ்மிட்டர் கரண்டாக அனுப்பும். காலி என்றால் 4 மில்லிஆம்பியர், நிறைந்தால் 20. கம்பி நீளமானாலும், சப்ளை வோல்டேஜ் போதுமான வரை, இந்த அளவு மாறாது. 0 காட்டினால் கம்பி அறுந்துபோச்சு என்று அர்த்தம். திரும்பி வரும் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 250 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும். இதுதான் 'லோ சைடு' முறை. சுலபம், செலவும் குறைவு.

ஒருநாள் மீட்டர் 9 மில்லிஆம்பியர் காட்டியது. கணக்குப்படி 31 சதவீதம். ஏறிப் பார்த்தால் தொட்டி பாதி நிறைந்திருக்கிறது! வரவேண்டியது 12. மழையில் நனைந்த ஜங்ஷன் பாக்ஸ் வழியாக 3 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரைத் தொடாமலே கிரவுண்டுக்குப் போயிருந்தது. 0 காட்டியிருந்தால் உடனே ஓடியிருப்போம். 9 என்பது சரியான அளவு மாதிரியே இருந்தது. அதுதான் ஆபத்து.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்க்கும் என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கடைமடையில நின்னு அளந்தா, நடுவுல கரை உடைஞ்சது எப்படிடா தெரியும்? மதகுல போய்ப் பாரு" என்றார். 'ஹை சைடு' முறையும் அதேதான்! 24 வோல்ட் சப்ளையின் பிளஸ் பக்கத்திலேயே 10 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு அளப்பது. 20 மில்லிஆம்பியருக்கு 200 மில்லிவோல்ட் கிடைக்கும்.

ஆனால் அந்த 200 மில்லிவோல்ட், 24 வோல்ட்டின் தலைமேல் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! 741 ஐ.சி.யும் நான்கு 10 கிலோஓம் ரெசிஸ்டரும் வைத்து டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர் கட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். ரெசிஸ்டர்கள் 1 சதவீதம் முன்பின் இருந்தாலே, மோசமான சேர்க்கையில் 0.48 வோல்ட் பொய்யாக வரும். அளக்க வந்ததோ 0.2 வோல்ட்தான்! போதாததற்கு அந்த ரெசிஸ்டர்கள் இழுக்கும் 1.2 மில்லிஆம்பியரும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் இதற்கென்றே செய்த ஐ.என்.ஏ.138 போன்ற ஐ.சி.யைப் போடுவதே நல்லது. அது 36 வோல்ட் வரை தாங்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். பிளஸ் கம்பியிலிருந்து கிரவுண்டுக்குக் கசிந்தால் ஹை சைடும் கூடுதலாகத்தான் காட்டும். மதகிலும் கடைமடையிலும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவும் கசிவு!