பின்னால் நின்றவர் அடித்த கோல்கள்

மேட்ச் முடிந்ததும் கோல் அடித்தவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நடுக்களத்தில் ஓடி ஓடிக் களைத்தவரை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மிட்ஃபீல்டர் என்னதான் செய்கிறார் என்று நீங்கள் கேட்டதால், ஜப்பானின் ஹொமாரே சவாவை வைத்தே சொல்கிறேன். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

1993இல், 15 வயதில், பிலிப்பைன்ஸுக்கு எதிரான முதல் சர்வதேச ஆட்டத்திலேயே நான்கு கோல் போட்டவர் அவர். பல வருடங்கள் முன்வரிசையை ஒட்டித்தான் ஆடினார். 2008இல் பயிற்சியாளர் நோரியோ சசாகி அவரைப் பின்னால் இழுத்து, தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னே நிறுத்தினார். எதிரணியின் பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பறிப்பது, பறித்ததைப் பதறாமல் நம் ஆளிடம் சேர்ப்பது. அங்கே வேலை இவ்வளவுதான், ஆனால் 90 நிமிடமும் ஓயாது.

அப்படிப் பின்னால் நின்றவர், 2011 மகளிர் உலகக் கோப்பையில் ஐந்து கோல்களோடு முதலிடம் பிடித்தது எப்படி? அந்த இடத்தில் நிற்பவருக்கு முழு மைதானமும் கண்ணெதிரே இருக்கும். காவல் இல்லாத இடம் தெரிந்ததும் தாமதமாகக் கிளம்பி வருவார். அவரைப் பிடிக்க ஆள் இருக்காது. ஸ்வீடனுடனான அரையிறுதியில் அவருடைய பாஸ் ஒன்று பறிபோய்த்தான் ஜப்பான் முதல் கோலை வாங்கியது. அசரவில்லை. இரண்டாம் பாதியில் தலையால் முட்டி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

ஃபிராங்க்ஃபர்ட்டில் அமெரிக்காவோடு இறுதி ஆட்டம். ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கூடுதல் நேரத்தில் 117ஆவது நிமிடம், ஜப்பான் 1-2 என்று பின்தங்கியிருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து சக வீராங்கனை மியாமா கார்னர் எடுக்கிறார். உயரமான ஆட்கள் பெட்டிக்குள் காத்திருக்க, சவா முன்கம்பத்தை நோக்கி ஓடிவந்து, வலது காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டித் திருப்புகிறார். கோல்! அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: உதையைவிட, பந்துக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்ததுதான் பெரிய வித்தை. 2-2 என்று சமனாகி ஆட்டம் பெனால்டிக்குப் போனது. அதில் அவர் உதைக்க வேண்டிய அவசியமே வரவில்லை; ஜப்பான் 3-1 என்று வென்றது. உலகின் சிறந்த வீராங்கனை விருதும் அந்த ஆண்டு அவருக்கே.

ஜப்பானுக்காக ஆறு உலகக் கோப்பைகள், 205 ஆட்டங்கள், 83 கோல்கள். கிளப்புக்காக ஆடிய கடைசி ஆட்டம் 2015 டிசம்பரில், ஜப்பானின் மகாராணி கோப்பை இறுதியில். அவருடைய ஐனாக் கோபே அணிக்கு ஒரே கோல், அதுவும் கார்னரிலிருந்து, 37 வயது சவாவின் தலையால்.