ஒரு ஊர், ஒரு லாட்டரி, கையில் கல்: உருவகக் கதைகள் ஏன் இன்னும் சுடுகின்றன?

சுமார் 300 பேர் வாழும் கிராமம். ஜூன் 27, காலை 10 மணி. ஊரே பொது இடத்தில் கூடுகிறது. சிறுவர்கள் கற்களைப் பொறுக்கிக் குவிக்கிறார்கள். பெரியவர்கள் மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் குடும்பத்துக்கு ஒரு சீட்டு. கரும்புள்ளி விழுந்த குடும்பத்துக்குள் மறுபடியும் சீட்டு. இந்த முறை கரும்புள்ளி யாருக்கோ, அவரை ஊரே கல்லால் அடித்துக் கொல்லும்.

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' சிறுகதை இவ்வளவுதான். 1948 ஜூன் 26 தேதியிட்ட 'தி நியூயார்க்கர்' இதழில் வெளியானது. அந்தக் கோடையில் ஜாக்சனுக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. பாராட்டியவை வெறும் 13, அதிலும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை. "இந்த லாட்டரி எங்கே நடக்குது, நேர்ல பார்க்க முடியுமா?" என்று கேட்டவர்களும் உண்டு!

உருவகக் கதை என்றால் என்ன?

மேலே ஒரு கதை ஓடும். அடியில் இன்னொன்று ஓடும். 'தி லாட்டரி'யில் எந்த நாடு, எந்த அரசு என்ற பேச்சே இல்லை. ஆனால் ஏன் செய்கிறோம் என்பதே மறந்துபோன ஒரு சடங்கை, 'காலங்காலமா நடக்குது' என்பதற்காகவே செய்யும் எந்த ஊரும் அதற்குள் பொருந்திவிடும்.

டெஸ்ஸி ஹட்சின்சனைக் கவனியுங்கள். தாமதமாக வந்து, சிரித்துப் பேசி, கூட்டத்தோடு நிற்கிறார். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்த பிறகுதான் 'இது நியாயமில்லை' என்கிறார். கதையின் அடிநாதமே அங்கேதான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இக்கதை தடை செய்யப்பட்டபோது, அவர்களுக்காவது கதை புரிந்ததே என்று ஜாக்சன் பெருமைப்பட்டாராம். அவரது கணவர் பதிவு செய்த தகவல் இது.

ஓமலாஸ் எங்கே இருக்கிறது?

உர்சுலா லெ குவின் 1973-ல் எழுதிய 'தி ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃப்ரம் ஓமலாஸ்' கதையும் இதே வகைதான். எல்லோரும் மகிழ்ச்சியாக வாழும் நகரம் ஓமலாஸ். ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்க, ஒரு குழந்தை இருட்டறையில் அடைபட்டே கிடக்க வேண்டும். ஊருக்கே இது தெரியும். சாலைப் பலகையில் பார்த்த 'சேலம்' என்ற பெயரைத் திருப்பிப் படித்ததில் கிடைத்த பெயர் இது. நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகர்!

'தி லாட்டரி'யில் ஊர் கல்லெறிகிறது. இங்கே ஊர் தெரிந்தே சும்மா இருக்கிறது. மனசு கேட்காத சிலர் நகரைவிட்டு வெளியேறுகிறார்கள். ஆனால் குழந்தை அங்கேயேதான் கிடக்கிறது. அப்படியென்றால் வெளியேறியது நியாயமா, தப்பித்தலா?

லெ குவின் பதில் சொல்லவில்லை. நீதிக்கதை கடைசி வரியில் பாடம் சொல்லி முடித்துவிடும். இந்தக் கதைகள் அந்த வேலையை வாசகரிடம் விட்டுவிடுகின்றன. அதனால்தான் 2018-ல்கூட என்.கே. ஜெமிசின், 'தி ஒன்ஸ் ஹூ ஸ்டே அண்ட் ஃபைட்' என்று தங்கிப் போராடுபவர்களைப் பற்றிப் பதில் கதை எழுதினார்.