காற்றில் ஓடும் ஒளியிழை

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கி விளையாடாத பிள்ளைகள் சிலரே. கண்ணாடியை இன்ன தூரத்தில் பிடித்தால்தான் காகிதம் புகையும் என்பதைப் பாடநூல் சொல்வதற்கு முன்பே நாம் அறிந்திருந்தோம். அத்தூரமே குவிதூரம். இன்றைய லேசர் ஆராய்ச்சியிலும் இப்பழைய குவிதூரம் ஆட்சி செய்கிறது என்பது வியப்புக்குரியது.

சான்பாடாவில் வாழும் நாம், மழைக்காலத் தொடக்கத்தில் வாசிக் கழிமுகத்தின்மேல் மின்னல் இறங்கக் காண்கிறோம். அங்கிருந்து துறைமுக ரயில்பாதையில் மாநகரின் தென்கோடிக்குச் சென்றால், கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஹோமி பாபா 1945-ல் தோற்றுவித்த அந்நிலையத்தில், மேசைமீதே காற்றைக் கிழித்து ஒளிரச் செய்யும் லேசர்கள் இயங்குகின்றன.

இந்த லேசரின் ஒளி தொடர்ந்து வருவதன்று. துடிப்பு துடிப்பாக வருவது. ஒரு துடிப்பின் ஆயுள் சில பத்துப் பெம்டோ வினாடிகள். ஒரு வினாடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்துக் கோடி பங்காக்கினால் கிடைப்பது ஒரு பெம்டோ வினாடி. ஒரு மயிரிழையின் தடிமனைக் கடக்க ஒளிக்கே இருநூறு பெம்டோ வினாடிக்குமேல் ஆகும்! சிறிதளவு ஆற்றலே ஆயினும், இவ்வளவு குறுகிய காலத்தில் அடங்குவதால் அதன் திறன் சில நூறு கோடி வாட்டை எளிதில் தாண்டிவிடுகிறது.

அந்த எல்லையைத் தாண்டிய ஒளி, காற்றையே தனக்கு வில்லையாக்கிக் கொள்கிறது. ஒளி மிகுந்த நடுப்பகுதியில் காற்றின் ஒளிவிலகல் எண் சற்று உயர்வதால் கற்றை தானே குவிகிறது. குவியக் குவியச் செறிவு ஏறி, ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்தெறியப்படுகின்றன. இவ்வாறு மின்னூட்டம் பிரிந்த வாயுவே பிளாஸ்மா. (குருதியின் தெளிநீருக்கும் இதுவே பெயராதலால் வேறொரு தமிழ்ச்சொல் தேடினோம், பொருந்துவது அகப்படவில்லை.) பிளாஸ்மா ஒளியை விரிக்கும், காற்று குவிக்கும். இவ்விரண்டின் இழுபறியில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனே உள்ள ஒளியிழை நெடுந்தூரம் ஓடுகிறது.

வில்லையின் பங்கு இங்கேதான் வருகிறது. நீண்ட குவிதூர வில்லை ஒளியை மெல்லச் சாய்க்கும். இழுபறி தன் போக்கில் நடந்து, பிளாஸ்மா பிறந்தவுடனே செறிவு மேலும் ஏறாதபடி தடுத்துவிடும். குறுகிய குவிதூர வில்லையோ ஒளியைச் செங்குத்தாக நெருக்குகிறது. குர்லா நிலையத்தில் மாலை வண்டி வந்ததும் படிக்கட்டில் இறங்குபவர் எவ்வளவு விலக முயன்றாலும் பின்னாலிருந்து வரும் கூட்டம் நெருக்குவதுபோல, பிளாஸ்மாவின் விரிக்கும் வலிமை அங்கே போதாமற்போகிறது. பிளாஸ்மா அடர்கிறது, ஆனால் இழை குட்டையாகிறது.

கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தார் இதை அளந்து 2006-ல் வெளியிட்டனர். 380 சென்டிமீட்டர் குவிதூரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி கோடி எலெக்ட்ரான்கள். 10 சென்டிமீட்டரில் இருபதாயிரம் கோடி கோடி, அதாவது இரண்டாயிரம் மடங்கு! முதல் நிலையில் பல்லாயிரம் மூலக்கூறுகளுக்கு ஓர் எலெக்ட்ரான். இரண்டாவதில் ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்று.

நெருக்கிக் குவிக்கும்போது நடப்பதை 2010-ல் பி. பிரேம் கிரண், ஜி. ரவீந்திர குமார் முதலியோர் பிரெஞ்சு அறிஞருடன் சேர்ந்து நேரடிப் படங்களால் காட்டினர். குவியத்தை நோக்கிச் செல்லும் ஒளி பல இழைகளாகப் பிரிவதும், அவ்விழைகள் நெருங்கி ஒன்றோடொன்று கலப்பதும் அப்படங்களில் தெரிந்தன.

எந்த வில்லை சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, வேலையைப் பொறுத்தது. பொருளைச் செதுக்க அடர்ந்த பிளாஸ்மா வேண்டும். மின்னலுக்கு வழிகாட்டவோ நீளம் வேண்டும். நம் நாட்டில் 2022-ல் மட்டும் மின்னல் தாக்கி 2,800-க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதை எண்ணினால், இப்பயன் சிறிதன்று என்பது புலனாகும்.

சுவிட்சர்லாந்தின் சாண்டிஸ் மலையுச்சியில், 2021-ஆம் ஆண்டுக் கோடையில், 124 மீட்டர் கோபுரத்தின் நுனிக்குமேல் இழைகள் பிறக்குமாறு மெல்லக் குவித்து, வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் துடிப்புகளை வானில் செலுத்தினர். எலெக்ட்ரான்கள் நொடிப்பொழுதில் மறைந்தாலும், சூடேறி அடர்த்தி குறைந்த காற்றுப்பாதை சற்று நிற்கும். அது ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். நான்கு மின்னல்கள் அவ்வழியே சென்றன; அவற்றில் ஒன்று ஏறத்தாழ ஐம்பது மீட்டர் தூரம் லேசரை ஒட்டியே சென்றது படத்தில் பதிவாயிற்று. அந்த லேசரின் எடை மூன்று டன்னுக்கு மேல். சான்பாடாவின் மாடிகளுக்கு இன்றும் காவல், பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்த இடிதாங்கிக் கம்பியே.