பூகர்ப்ப ஆராய்ச்சியும் பயிர்த்தொழிலும்

1851ஆம் வருஷம் தாமஸ் ஓல்தாம் என்பாரைத் தலைவராகக் கொண்டு கல்கத்தாவில் ஏற்பட்ட இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் வேலை, பயிர்த்தொழிலைப் போலவே நெடுங்காலம் பருவத்தை அனுசரித்து நடந்து வந்தது. மழை நின்றதும் உத்தியோகஸ்தர்கள் கூடாரங்களுடன் புறப்பட்டுக் கற்படுகைகளைப் படத்திற் குறித்தனர்; கோடை முற்றியதும் திரும்பி, மழைக்காலத்தில் அறிக்கை எழுதினர்.

இதனால் குடியானவர்களுக்கு ஆவதென்ன? 1862இல் வெளியான பிளான்போர்டு என்பாரின் நூல், திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஊட்டத்தூர்ப் படுகைகளை விவரித்தது. அப்படுகைகளின் களிமண்ணிலேயே பின்னர் பாஸ்பேட் உருண்டைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் பொடி தண்ணீரில் எளிதிற் கரையாது. புளிப்பு மிகுந்த நிலத்தில் மெல்லக் கரைந்து பயிருக்கு உதவும். சுண்ணாம்பு நிலத்திலோ போட்ட பணம் வீணாகும். ஆகையால் விவசாயிகள் தங்கள் மண்ணைப் பரிசோதித்தறிந்த பின்னரே அத்தகைய பொடியை வாங்குதல் நலம்.